தலையணையை எடுத்துவிடுங்கள்

(கோத்தகிரியில் நடந்த மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு பெண் இயன்முறை மருத்துவர் பேசியது)

அம்மாமார்களே, அக்காமார்களே, வணக்கம். வெளியே தூறல் போடுகிறது, உங்களுக்குக் கடைசி பஸ் கவலை. சட்டென்று விஷயத்துக்கு வருகிறேன்.

தீக்காயம் பட்ட பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வோம்? தலைக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தலையணை வைப்போம். கழுத்தும் மார்பும் வெந்தவளுக்கு அதுதான் கெடுதல். வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். எப்படிப் படுத்தால் வலி குறைகிறதோ, அப்படியே இறுகிவிடும். தாடை மார்பை நோக்கி இழுக்கும், முழங்கை நீளாது, அக்குள் பிடித்துக்கொள்ளும்.

எஸ்டேட்டில் வேலை பார்த்த ஓர் அக்காவுக்கு வெந்நீர் அடுப்பில் நைட்டி பற்றிக்கொண்டது. (நைலான் நைட்டியோடு அடுப்பு முன்னால் குளிர் காயாதீர்கள் என்றால் யார் கேட்கிறீர்கள்?) ஒட்டுத்தோல் வைத்துப் பிழைத்து வந்தார். மாமியார் நல்ல மனுஷி. நான் கையைத் தூக்கச் சொன்னால், "அழுவுறா, பாவம், விடுங்கம்மா" என்பார். நானும் சில நாள் விட்டுவிட்டேன், அது என் தப்பு. மூன்று மாதத்தில் அக்காவால் தானே தலை வாரிக்கொள்ள முடியவில்லை. ஜாக்கெட்டில் கை நுழையவில்லை. அப்புறம் இன்னொரு ஆபரேஷன்.

தீக்காயத்துக்குப் பிறகான வாழ்க்கைத் தரத்தை அளக்க 40 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. கையெழுத்துப் போட முடிகிறதா, கீழே கிடக்கும் காசைப் பொறுக்க முடிகிறதா என்று போகும். ஷூ லேஸ் கட்ட முடிகிறதா என்று கேட்டதும் அந்த அக்கா சிரித்துவிட்டார். சரி, கொழுந்து கிள்ள வருகிறதா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. தனிமை, தோற்றம், கணவன் மனைவி நெருக்கம் பற்றியும் அதில் கேள்விகள் இருக்கின்றன. அவற்றை மாமியார் எழுந்து போன பிறகுதான் கேட்பேன். "ஸ்டவ் வெடித்தது" என்று சீட்டில் எழுதியிருந்தால், அதையும் அப்போதுதான் கேட்பேன்.

நம் மலைக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஒட்டுத்தோலில் எண்ணெய்ப் பசை இருக்காது. பனிக்காலத்தில் காய்ந்து, தூங்கவிடாமல் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றால் அது பாட்டிலில் கட்டியாக உறைந்திருக்கும். உருக்குகிறேன் என்று அதை அடுப்போரம் வைக்காதீர்கள், உள்ளங்கைச் சூடே போதும். அந்தத் தோலுக்குச் சூடு சரியாக உறைக்காது, அதனால் குளிக்கும் வெந்நீரைக் காயம் படாத கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்கிறதே என்று வெயிலில் உட்கார வைத்தாலும் முக்காடு வேண்டும். இந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், புதுத் தோல் கறுத்துவிடும். செக்கப்புக்கு மேட்டுப்பாளையம் இறங்கினாலோ வேறு கதை. ஒட்டுத்தோல் வியர்க்காது, உடம்பு கொதிக்கும். தண்ணீர் பாட்டிலும் ஈரத்துண்டும் பையில் இருக்கட்டும்.

தழும்பு தடிக்காமலிருக்கக் கொடுக்கும் இறுக்கமான சட்டையை நாளுக்கு 23 மணி நேரம், ஒரு வருடத்துக்கு மேலும் போட வேண்டியிருக்கும். கழற்றி எறியத்தான் தோன்றும். திட்டாதீர்கள், மாற்றிப் போடத் துவைத்துக் கொடுங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது "அவங்க எதுக்குச் சிரமப்பட்டுக்கிட்டு" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

தலையணைக்குப் பதிலாகத் தோளுக்கு அடியில் சுருட்டிய துண்டு. தலை லேசாகப் பின்னால் சாயும், கழுத்து நீளும். யாராவது ஒருவர் வந்து இந்த பெஞ்சில் படுங்கள், காட்டுகிறேன். வாங்கக்கா, ஸ்வெட்டரோடயே படுங்க, பரவாயில்லை.