கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே.

முப்பது வருஷமாகப் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று மெல்லிசைக் குழுக்களோடு மேடையிலேயே கழிந்த காலம் அதிகம். இப்போது கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு, வீட்டு மாடியில் ஒரு மேசை போட்டு மற்றவர்களின் கிட்டார்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். அதனால் விலை உயர்ந்த பேஸ் வாங்கியவர்கள், வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள், இரண்டு பேரும் என் மேசைக்கு வருகிறார்கள். வருத்தப்படுகிறவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

பேஸ் கிட்டார் எது என்று சிலருக்குச் சந்தேகம் இருக்கலாம். பேருந்தில் இளையராஜா பாட்டு ஒலிக்கும்போது, பாடகரின் குரலுக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டு நடந்துகொண்டே இருக்குமே, அதுதான். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசிப்பதும் அதுதான். நான்கு தடித்த கம்பிகள். அதிலே மிகத் தடித்தது நொடிக்கு 41 முறை அதிர்கிறது. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் அந்த அதிர்வைத் தரவே முடியாது. தெரிந்த பாட்டு ஒன்றை இன்றைக்கு நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், கீழே எவ்வளவு நடக்கிறது என்று தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நல்ல பேஸ் இரண்டு லட்சம் ரூபாய் அளவில் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஃபொடெரா போன்ற சிறிய பட்டறைகளில் கையால் செய்து வருபவை பத்து லட்சத்தையும் தாண்டும். நம் ஊரில் ஓர் இசைக்கலைஞர் அவ்வளவு பணம் சேர்க்க எத்தனை மேடை ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு அக்கறையோடு சொல்கிறேன்.

நான்கைந்து வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, மூணு லட்சம் சேர்த்துட்டேன். கடைக்குக் கூட வர்றீங்களா?" என்றார். போனோம். கடையின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பேஸ் தொங்கியது. மேலே மேப்பிள் மரப் பலகை, அதிலே தீ நாக்குகள் போல வரி வரியாக ஓட்டம், தேன் நிறப் பூச்சு. தம்பி அதைப் பார்த்த பார்வையிலேயே மனசு போய்விட்டது என்று தெரிந்தது. கடைக்காரர் பெரிய ஆம்ப்ளிஃபையரில் இணைத்துக் கொடுத்தார். தரை அதிர்ந்தது. தம்பி வேகமாக நாலு துண்டு வாசித்தார், அத்தனையும் அருமை. "வாங்கிடலாமா அண்ணே?" என்றார்.

"கேபிளைக் கழற்று தம்பி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கடைக்காரருக்கும் முகம் மாறியது. ஓர் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன். மின்சாரம் இல்லாமல் பேஸின் ஒலி கொஞ்சமாகத்தான் கேட்கும். ஆனால் பேஸின் உடம்பில் மேலே நீண்டிருக்கும் கொம்பில் காதையோ தாடையையோ வைத்தால் எல்லாம் கேட்கும். கழுத்தில் குறுக்கே, வீணையின் மெட்டுகள் போலப் பதித்திருக்கும் உலோகத் துண்டுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். "மெல்லிய கம்பியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வாசி. ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அது தானாக ஓயும்வரை காத்திரு. அப்புறம் அடுத்தது" என்றேன். முதலாவது நீண்டது. இரண்டாவது நீண்டது. மூன்று, நான்கு, நன்றாக நீண்டன. ஐந்தாவது ஃப்ரெட், சி சுரம். டும் என்று தொடங்கி, ஒரு நொடிகூட நிற்கவில்லை, அணைந்துவிட்டது. தம்பி மறுபடி மீட்டினார். மறுபடி அதே கதை. விரலின் தவறு என்று நினைத்து ஏழெட்டு முறை முயன்றார். தவறு விரலில் இல்லை.

இதற்கு எங்கள் மத்தியில் டெட் ஸ்பாட் என்று பெயர். ஏன் வருகிறது? கம்பி மட்டும் அதிர்வதில்லை, கிட்டாரின் கழுத்தும் அதிர்கிறது. நீளமான மெல்லிய மரத்துண்டுதானே, அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு. கம்பியின் அதிர்வும் கழுத்தின் அதிர்வும் ஓரிடத்தில் ஒன்றாகிவிட்டால், கம்பியின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலான பேஸ்களில் இது மெல்லிய கம்பியில், ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட்டுக்குள் வரும். விலை குறைந்ததிலும் வரும், விலை கூடியதிலும் வரும். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் கிராஃபைட்டில் கழுத்து செய்யத் தொடங்கினார்கள், அதில் இந்தத் தொல்லை குறைவு. தலைப்பகுதியில் சின்னதாக ஓர் எடையைக் கவ்வவிட்டால் அந்த இடம் கொஞ்சம் நகரும். நகருமே தவிர, முழுசாகப் போகாது.

அந்த இடம் சற்று மங்கலாக இருந்தால் பரவாயில்லை, அதோடு வாழலாம். அணைந்தே போனால் வாங்காதீர்கள். பெரிய ஆம்ப்ளிஃபையரில் வேகமாக வாசிக்கும்போது இது காதில் விழாது. மெதுவான பாட்டில், ஒரு சுரத்தை இரண்டு தாளம் நீட்ட வேண்டிய இடத்தில், மேடையில் வைத்துத்தான் தெரியவரும். அன்றைக்கு அதே கடையில் அதைவிடத் தொண்ணூறாயிரம் ரூபாய் குறைவான விலையில், சாதாரணக் கறுப்புப் பூச்சோடு இன்னொரு பேஸ் இருந்தது. அதையும் கேபிள் இல்லாமல் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசிவரை கேட்டோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு சுரம்கூட ஏமாற்றவில்லை. தம்பி அதைத்தான் வாங்கினார், இன்றும் அதில்தான் வாசிக்கிறார்.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன். கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், எல்லா ஃப்ரெட்டையும் கேளுங்கள். கூடுதல் விலைக்கு நமக்குக் கிடைக்க வேண்டியது சமச்சீரான ஒலி. மேலே ஒட்டிய அழகான மரம் கண்ணுக்கு விருந்து, அதற்குத் தனியாகப் பணம் இருந்தால் கொடுங்கள்.

கழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். வீணை வாசிப்பவர்கள் வீட்டில் மேளம் கட்டுவது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 24 மெட்டுகளையும் மெழுகில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பதிப்பார்கள். நல்ல பேஸிலும் ஃப்ரெட்டுகளைச் சமமாக்கும் வேலை அதே போன்ற பொறுமையான கைவேலைதான். விலையின் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். கழுத்தின் இரண்டு ஓரங்களிலும் கையை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட்டின் முனைகள் குத்தினால் அந்த வேலை சரியாக நடக்கவில்லை, அல்லது மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது.

ஏனென்றால் மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், திருப்பியும் விடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் வெளியே புழுக்கம், அரங்கத்துக்குள் ஏசி. கழுத்து வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது. வாங்கும் முன்னால் கேட்க வேண்டியது, இதைத் திருப்பக் கழுத்தைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்பது. பழைய பாணியில் செய்யும் சில விலை உயர்ந்த பேஸ்களில் கழற்றித்தான் ஆக வேண்டும். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று திருப்ப வேண்டிய நம் ஊரில் அது பெரிய தொல்லை.

இங்கே ஒரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. உலகத்தில் எத்தனையோ பேஸ் கிட்டார்களின் விரல் பலகை நம் ஈட்டி மரத்தில் செய்தது. இந்தியன் ரோஸ்வுட் என்று அவர்கள் சொல்வது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டியைத்தான். 2017 ஜனவரியில் இந்த மர இனம் முழுவதையும் உலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பல தயாரிப்பாளர்கள் வேறு மரங்களுக்கு மாறினார்கள். அந்த வருஷங்களில் செய்த பேஸ்களில் ஈட்டி இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம்.

அடுத்தது இரைச்சல். இதை யாரும் கடையில் சோதிப்பதில்லை. அமெரிக்காவில் கிட்டார் செய்த லியோ ஃபெண்டர் 1951-ல் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார், 1957-ல் அதன் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளை, இரண்டு துண்டாக்கினார். அந்த அமைப்பு மின் இரைச்சலைத் தானே ரத்து செய்துவிடும். 1960-ல் வந்த அவருடைய ஜாஸ் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு. இரண்டையும் முழுசாகத் திறந்து வைத்தால் இரைச்சல் இல்லை, ஒன்றைக் குறைத்தால் ங்ங்ங் என்று வந்துவிடும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பேஸில் தடித்த கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49. அதாவது இரைச்சல் நாம் வாசிக்கும் சுரத்தின் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது! எர்த் சரியில்லாத மண்டபத்தில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் ஒரு பிக்கப்பைக் குறைத்து, கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, சும்மா நின்று கேளுங்கள்.

நிற்பது என்றதும் எடை. உட்கார்ந்து வாசித்துப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். மேடையில் மூன்று மணி நேரம் நிற்கிறோம். நான்கு கிலோ சரி, நாலரைக்கு மேலே போனால் தோள் சொல்லும். பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கையோடு கொண்டு போங்கள், தப்பில்லை. வாரைத் தோளில் மாட்டி இரண்டு கையையும் விடுங்கள். தலைப்பகுதி தரையைப் பார்த்துச் சாய்ந்தால் கச்சேரி முழுக்க இடது கை அதைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஐந்து கம்பிப் பேஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம் என்று சைகை வருகிறது. சுருக்கமாக: ஐந்தாவது கம்பியின் அதிர்வு நொடிக்கு 31. வழக்கமான 34 அங்குலக் கம்பி நீளத்தில் சில பேஸ்களில் அது தொளதொளவென்று இருக்கும். அதனாலேயே 35 அங்குலத்தில் செய்கிறவர்கள் உண்டு. கை எட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தர முடியுமா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் பணத்தில் ஒரு பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் மூன்றையும் முன்கூட்டியே கேட்டுக் கணக்குப் போடுங்கள். பழையது வாங்கினால் விற்பவரின் அனுமதியோடு கழுத்தைக் கழற்றி, அடியில் உள்ள தேதி முத்திரையும் வரிசை எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ப்ரீஆம்ப், அதாவது பேட்டரியில் ஓடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சுற்று, உள்ள பேஸ் என்றால் பேட்டரி தீர்ந்தாலும் ஒலி வர மாற்றுச் சுவிட்சு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், அது செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.