259 நாள் கொழுந்தும் ஒரு கேமிங் மடிக்கணினியும்

வணக்கம். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. சத்தம் கூடுதலாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலையகத்துக் கொட்டகலையில் மழை விடும்வரை காத்திருந்தால் இந்த வீடியோ அடுத்த மாதம்தான் வரும்.

நாளை விடியற்காலை பஸ்ஸில் சித்தியின் மகனோடு கொழும்புக்குப் போகிறேன். தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டான், கேமிங் மடிக்கணினி வேண்டும் என்கிறான். படிப்புக்கு என்றுதான் சித்தியிடம் சொல்லியிருக்கிறான். சித்தியும் எதுவும் தெரியாதவர் போலத் தலையாட்டிவிட்டு, சீட்டில் எடுத்த மூன்றரை இலட்சம் ரூபாவை அவன் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். சித்தி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. நேற்று இரவு சீட்டுப் பணத்தை அந்தச் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தேன். 259 நாள். சேமலாப நிதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சதம்கூடக் கழிக்காமல் வந்த கணக்கு இது. தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் நான் ஏமாந்த கதை. இதோ, என் பழைய மடிக்கணினி. கமெராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். இந்த மூலையில் பசை மட்டும் ஒட்டியிருக்கிறது, தெரிகிறதா? அங்கே ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. கேமின் படத்தை வரைந்து காட்டும் என்விடியா கிராபிக்ஸ் சிப்பின் பெயர் அது. கோபத்தில் நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன். என்னோடு ஹட்டனில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவரிடமும் 3050தான் இருக்கிறது. இரண்டிலும் ஒரே கேம், ஒரே செட்டிங். அவருடையதில் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். என்னுடையது கொழுந்து லொறி மேடேறுவது போல முக்கி முனகும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் பெரிய வேதனை. 3050 என்றார், உள்ளே இருந்ததும் 3050தான். எத்தனை வாட் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மடிக்கணினிக்கான 3050 சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை எவ்வளவு கொடுப்பது என்பதை அந்த மடிக்கணினியைச் செய்யும் நிறுவனம் முடிவு செய்யலாம். மெல்லிய உடம்பு, சிறிய விசிறி என்றால் குறைவாகத்தான் கொடுக்க முடியும், இல்லாவிட்டால் கொதித்துவிடும். என்னுடையதற்கு 40, நண்பருடையதற்கு 80. இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒருவருக்கு மூன்று வேளைச் சோறு, மற்றவருக்கு ஒரு ரொட்டி. வேலை எப்படி ஒன்றாக இருக்கும்?

அதற்கு அடுத்த தலைமுறைச் சிப்புகளான 4050க்கும் 4060க்கும் இந்த வீச்சு 35 முதல் 115 வாட். புரொசெசர் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை கடன் வாங்கும் ஏற்பாடும் உண்டு. விளம்பரத்தில் 140 என்று பெரிதாகப் போடுவது அதையும் கூட்டித்தான். அந்த 140க்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 4060இல் 100 வாட்டைத் தாண்டிய பிறகு கிடைக்கும் வேகம் மிகக் கொஞ்சம். வேகத்தில் பெரிய பள்ளத்தாக்கு இருப்பது 45 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவில்தான்.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது எப்படி? காட்சிக்கு வைத்திருப்பதை இயக்கச் சொல்லுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் என்பதில் சிஸ்டம் இன்பர்மேஷன் என்பதைத் தொட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியில் வாட் அச்சடித்தது போல இருக்கும். ஒரு நிமிட வேலை. "அதெல்லாம் திறக்க முடியாது" என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவுக்குள் போனால் கணினிக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை.

வாட்டுக்கு அடுத்தது கிராபிக்ஸ் நினைவகம். 3050 என்ற ஒரே பெயரிலேயே 4 ஜிபியும் இருக்கிறது, பின்னால் வந்த 6 ஜிபியும் இருக்கிறது. 4050இல் 6, 4060இல் 8. என் 4 ஜிபி, புதிய கேம்களில் கல்லையும் மண்ணையும் கூழாக்கித்தான் காட்டுகிறது. இந்த நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது, பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். 8 ஜிபி இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் மடிக்கணினி 4070இலும் அதே 8தான். 4060இலிருந்து அதற்குத் தாவக் கேட்கும் விலை எனக்கு அநியாயமாகவே படுகிறது. இன்னொன்று: மேசைக் கணினி 4070இல் கணக்குப் போடும் குட்டி உட்கருக்கள் 5,888, மடிக்கணினி 4070இல் 4,608. யூடியூபில் மேசைக் கணினியின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மடிக்கணினி வாங்கப் போகாதீர்கள்.

புரொசெசருக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கப் போவதில்லை. இன்டெலில் ஐ5, ஐ7 என்பதில் மயங்க வேண்டாம், கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ7-1355யு என்பதில் கனமான வேலை செய்யும் பெரிய உட்கரு இரண்டுதான், மீதி எட்டும் சின்னவை. ஐ5-13450எச்எக்ஸ் என்பதில் பெரியவை ஆறு. கேமுக்கு அந்த ஐ5 போதும், ஐ7 என்ற பெயருக்காக அலைய வேண்டியதில்லை. ஏஎம்டியில் ரைசன் 7 7735எச்எஸ், ரைசன் 7 7840எச்எஸ் என்று இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 3 என்றால் முந்தைய தலைமுறைச் சிப், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. மலிவாகக் கொடுத்தால் அதையும் வாங்கலாம், புதியது என்று நினைத்து வாங்காமல் இருந்தால் சரி.

இப்போது தம்பியோடு மூன்று நாள் சண்டை போட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு 32 ஜிபி ரேம் வேண்டும், கேம்களைச் சேமித்துவைக்க 1 டெராபைட் எஸ்எஸ்டி வேண்டும். கேட்க நன்றாக இருக்கும் எண்கள். என் கணக்கு வேறு. நம் வீடுகளில் பணம் மொத்தமாக வருவது அபூர்வம். சீட்டு விழுந்தால் வரும், தீபாவளி முற்பணம் கொடுத்தால் வரும். ஆகவே மொத்தமாகக் கையில் இருக்கும் நாளில், பிறகு மாற்றவே முடியாதவற்றுக்குக் கொடுங்கள். கிராபிக்ஸ் சிப், அதன் வாட், திரை, விசிறி. மாற்ற முடிந்தவை அடுத்த தீபாவளிவரை காத்திருக்கும்.

எஸ்எஸ்டியில் இது சுலபம். 512 ஜிபியோடு வாங்குங்கள், இன்னொரு எஸ்எஸ்டி செருக எம்.2 என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், முடிந்தது. ரேமில்தான் கொஞ்சம் மூளை வேண்டும். ஒரே குச்சியாக 16 ஜிபி இருப்பதைவிட இரண்டு 8 வேகமானது, ஏனென்றால் இரண்டு வழிச்சாலை கிடைக்கிறது. ஆனால் பின்னால் கூட்டும்போது அந்த இரண்டு 8ஐயும் கழற்றி வீச வேண்டும். 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரி எடுத்துக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறியது. அதைப் பார்த்த பிறகு, காலி இடத்தோடு ஒரே 16 குச்சி இருந்தால் அதையே எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கொஞ்ச நாள் வேகம் குறையும், தம்பி முணுமுணுப்பான். விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். எல்லாம் பலகையோடு பற்றவைத்த ரேம் என்றால் நான் தொடவே மாட்டேன்.

திரை. நொடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹேர்ட்ஸ் என்று எல்லோரும் கூவுவார்கள், நிறத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற அளவுகளில் சொல்வார்கள். விவரத்தாளில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தால் அது வெளிறிய திரை. 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். எனக்கு இது புரிந்தது ஒரு கல்யாண வீடியோவில். தேயிலை மலைப் பின்னணியில் எடுத்த படம், என் திரையில் பச்சை செத்துப்போய்த் தெரிந்தது. நான் பச்சையை ஏற்றினேன், ஏற்றினேன். மாப்பிள்ளை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டால் மலை முழுவதும் பெயின்ட் அடித்தது போல. பெண்ணின் மாமா கேட்டார், "தம்பி, இது எந்தத் தோட்டம்?" என்று.

மின்னல். கண்ணை மூடிவிட்டது, பார்த்தீர்களா? பயப்பட வேண்டாம், சார்ஜரைக் கழற்றிவைத்துவிட்டு பாட்டரியில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மின்சாரம் என்றதும் ஒன்று. மேல் கொத்மலை அணை இங்கே தலவாக்கலையில்தான் இருக்கிறது, அந்தத் திட்டத்திலிருந்து 150 மெகாவாட் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு மரம் சாய்ந்தால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இரவு முழுவதும் இருட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டிக்கொண்டதில் நாடே இருண்டது நினைவிருக்கிறதா? மேசைக் கணினியை விட்டு மடிக்கணினிக்குப் போக இது ஒரு காரணம். ஆனால் பாட்டரியில் கேம் விளையாடலாம் என்று கனவு காணாதீர்கள். பிளக்கைக் கழற்றியதும் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும் வாட் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். பாட்டரி பாடம் படிக்க, அவ்வளவுதான். அந்த வகையில் சித்தியிடம் தம்பி சொன்னது பாதி உண்மை.

சார்ஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்னழுத்தம் குறைந்து விளக்கு மங்கினாலும் நல்ல சார்ஜர் தாங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆனால் பழைய லயத்து வயரிங்கில் நில இணைப்பு இருக்கிறதா? மடிக்கணினியின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்று எறும்பு ஊர்வது போல இருந்தால் பெரும்பாலும் அது இல்லை. சார்ஜரை மாற்றிப் பயனில்லை. வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

சூட்டில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறோம். கொழும்பில் 30 பாகையில் விசிறி அலறும், இங்கே 18 பாகையில் அதே மடிக்கணினி அமைதியாக ஓடும். அறையின் சூடு எத்தனை பாகை குறைகிறதோ, சிப்பின் சூடும் ஏறக்குறைய அத்தனை பாகை குறையும். இதைக் கெடுப்பது விறகடுப்பு. சமையலறையும் படுக்கிற இடமும் ஒட்டியிருக்கும் வீட்டில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் விசிறித் தகடுகளில் படிந்து கம்பளி போல அடைத்துக்கொள்ளும். என்னுடையதைக் கழற்றியபோது வந்ததைச் சோற்றுத் தட்டில் வைத்தேன், அம்மா திட்டினார். அடிமூடி எளிதில் கழன்று வருமா என்று கடையிலேயே கேளுங்கள், கழற்றினால் உத்தரவாதம் போய்விடுமா என்றும் கேளுங்கள்.

உத்தரவாதம் என்றால், டுபாயிலிருந்து மாமா கொண்டுவருவார் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறையலாம். அந்த உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று மாமா பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்கச் சொல்லுங்கள். விசைப்பலகையில் அரபு எழுத்தும் இருக்கும், அது பழகிவிடும்.

இங்கே வாங்கினால் விலைச்சீட்டில் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றரை இலட்சத்துக்கு அது 63,000 ரூபா. கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

சித்தியின் பழைய சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன், இதோ: வாட், 8 ஜிபி, திரை, காலி இடம். கடையில் வேறு எதையாவது பார்த்து மயங்கினால் இதை எடுத்துப் பார்க்க வேண்டும். பாட்டரி 11 சதவீதம் காட்டுகிறது, நிறுத்தப் போகிறேன். உள்ளேயிருந்து தம்பி ஏதோ கேட்கிறான். என்னடா? விசைப்பலகையில் ஏழு நிறத்தில் விளக்கு எரியுமா என்று கேட்கிறான்.