காக்கா ஆழியும் காணாமல் போன கழிமுகமும்

[காட்சி: எண்ணூர், காட்டுக்குப்பம் பக்கம். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கைகளால் ஆற்றடியைத் தடவும் ஒருவர்]

குரல்: இவர் தேடுவது இறால். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பகலில் இறால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். விரலால் துழாவிப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பறி என்ற சின்னக் கூடையில் போட வேண்டியதுதான். ஆனால் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இந்த இடத்தில் இப்போது பல இடங்களில் சேறே கைக்கு எட்டுவதில்லை.

[காட்சி: உள்ளங்கையில் கறுப்புச் சிப்பிக் கொத்து, மிக அருகில்]

காரணம் இதுதான். இந்தக் கறுப்புச் சிப்பிக்கு மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. பிரித்துப் பாருங்கள், வராது. ஒன்றையொன்று மெல்லிய நாரால் கட்டிக்கொண்டு, ஆற்றடியில் பாய் விரித்தது போலப் படர்கிறது. பாய்க்கு அடியில் மட்டிக்கு மூச்சு முட்டும், இறாலுக்குப் புதைய இடமிருக்காது, கால் வைத்தால் கிழிக்கும். இதன் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரை. கப்பல்கள் எடை சமன் செய்ய நிரப்பி வரும் கடல்நீரில் வந்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பக்கத்திலேயே காமராஜர், காட்டுப்பள்ளி என இரண்டு துறைமுகங்கள். சொல்லவா வேண்டும்!

இதை முதலில் கவனித்தது ஆற்றில் இறங்குபவர்கள்தான். சிப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த இடம், எந்த மீன் குறைந்தது என்று மனு கொடுத்தார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை விஷயம் போனது. 'ஆறு நாசமாகிறது' என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

[காட்சி: இரண்டு வரைபடங்கள், பக்கம் பக்கமாக]

சரி, இதைவிட விசித்திரமான கதை ஒன்று. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய இன்னொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை! தண்ணீர் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முரண்பாட்டை வெளியே கொண்டுவந்த மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.

[காட்சி: பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக்]

அப்புறம், மக்கள் தங்கள் கருத்தை நேரில் சொல்லும் கருத்துக்கேட்புக் கூட்டம். பெரிய திட்டம் வந்தால், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்பே அறிவித்துவிட்டு நடத்த வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். மைக் கிடைத்தால் கோஷம் போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். கலங்கட்டி வலை எங்கே கட்டுகிறீர்கள், அலையாத்தி எந்தக் கரையில் நிற்கிறது, மட்டி எந்த மாதம் கிடைத்தது என்று பெயர் சொல்லிப் பேசுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசிக்க வேண்டும் என்பதும் விதி. அந்த நேரம் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருங்கள். நீங்கள் சொன்ன காக்கா ஆழி அந்தக் குறிப்பில் இல்லையா? எழுந்து, அதைச் சேர்த்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.