பஸ்ஸிலிருந்து இறங்கியவர் கட்டிய பேழை

[திரை இருண்டிருக்கிறது. இரண்டு பேஸ் வாத்தியங்கள் ஒரே சிறு இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன.]

1961. லயனல் ஹாம்ப்டனின் புகழ்பெற்ற ஜாஸ் குழு சுற்றுப்பயணத்தின் நடுவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்திருக்கிறது. அந்தக் குழுவில் ட்ரம்போன் வாசித்த ஹோரஸ் டாப்ஸ்காட் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். பிறகு அந்த பஸ்ஸில் அவர் ஏறவே இல்லை. மாதச் சம்பளம், பெரிய பெயர், ஊர் ஊராக மேடை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டார். மனைவியும் குழந்தைகளும் இருந்த ஊரில், தன் பேட்டையில், தன் மக்களுக்கே வாசிப்பது என்று முடிவெடுத்தார்.

அந்த முடிவிலிருந்து பிறந்த இசைக்குழு, அறுபது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் பான் ஆஃப்ரிக்கன் பீப்பிள்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா.

[திரையில் பெயர் எழுத்து எழுத்தாக வருகிறது. 'ஆர்க்' மட்டும் நிறம் மாறுகிறது.]

'ஆர்க்கெஸ்ட்ரா' என்பதை இவர்கள் Orchestra என்று எழுதவில்லை, Arkestra என்று எழுதினார்கள். 'ஆர்க்' (Ark) என்றால் பேழை. பிரளயத்தில் உயிர்களைக் காத்த நோவாவின் பேழை. சிகாகோவிலிருந்து கிளம்பிய ஜாஸ் கலைஞர் சன் ரா ஏற்கெனவே தன் குழுவுக்கு இந்தச் சொல்லைச் சூட்டியிருந்தார். டாப்ஸ்காட் அதை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். சன் ராவின் கண் விண்வெளியில் இருந்தது. டாப்ஸ்காட்டின் கண் தெருவில் இருந்தது. கறுப்பின மக்களின் இசை காணாமல் போய்க்கொண்டிருக்கிறது, அதை ஏற்றிவைக்க ஒரு கலம் வேண்டும் என்று அவர் நினைத்தார்.

ஏன் அப்படி நினைத்தார்? அதற்கு சென்ட்ரல் அவென்யூவுக்குப் போக வேண்டும்.

[லாஸ் ஏஞ்சல்ஸ் வரைபடம். தெற்கு நோக்கி ஒரு நேர்க்கோடு.]

டாப்ஸ்காட் 1934இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்தவர். ஒன்பது வயதில் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. தாய் மேரி லூ மலோன் பியானோ வாசிப்பவர். ரயிலிலிருந்து இறங்கியதும், குடியேறப்போகும் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, மகனை இசை ஆசிரியரிடம் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தினாராம். இந்த ஒரு சம்பவத்தை நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. மூட்டை முடிச்சு அவிழ்க்கவில்லை, அடுப்பு பற்றவைக்கவில்லை. அதற்குள் குருவின் வாசல்!

கறுப்பின மக்கள் நகரின் பிற பகுதிகளில் வீடு வாங்க முடியாதபடி பத்திரங்களிலேயே தடை எழுதிவைத்திருந்த காலம் அது. எனவே மருத்துவர், தொழிலாளி, இசைக்கலைஞர் எல்லோரும் சென்ட்ரல் அவென்யூவைச் சுற்றியே வாழ்ந்தார்கள். கறுப்பின இசைக்கலைஞர்களுக்கென்று தனிச் சங்கம் இருந்தது: லோக்கல் 767. சிறுவன் டாப்ஸ்காட் அந்தக் கட்டடத்தையே சுற்றிவந்து, மூத்தவர்களின் ஒத்திகையைக் கேட்டு வளர்ந்தான். அவன் படித்த ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியில் சாமுவேல் பிரவுன் என்ற ஆசிரியர் இருந்தார். டெக்ஸ்டர் கோர்டன் போன்ற பெருங்கலைஞர்களை உருவாக்கியவர் அவர்.

1953இல் லோக்கல் 767, வெள்ளையர் சங்கமான லோக்கல் 47உடன் இணைந்தது. இன ஒதுக்கலை எதிர்த்துக் கறுப்பினக் கலைஞர்களே போராடிப் பெற்ற வெற்றி அது. அந்த நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதோடு அவர்களுக்கென்று இருந்த ஒரு கூடம் போயிற்று. கிளப்புகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூத்தவர் வாசிக்க இளையவர் வாசலில் நின்று கேட்கும் இடம் இல்லாமல் போனது. டாப்ஸ்காட் கட்ட நினைத்தது அந்த இடத்தைத்தான்.

[ஒரு வீட்டின் முகப்பு. உள்ளிருந்து பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில்.]

டாப்ஸ்காட் கட்டிய சங்கத்தின் தொடக்க காலப் பெயர் அண்டர்கிரவுண்ட் மியூசிஷியன்ஸ் அசோசியேஷன். கூடுமிடம் 75ஆம் தெருவில் பியானோக் கலைஞர் லிண்டா ஹில்லின் வீடு. சிலர் அங்கேயே தங்கினார்கள். ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த ஆர்தர் பிளைத், பேஸ் வாசித்த டேவிட் பிரயன்ட், ட்ரம்போன் வாசித்த லெஸ்டர் ராபர்ட்சன் ஆகியோர் தொடக்க கால உறுப்பினர்கள். முதலாளி இல்லை, மேலாளர் இல்லை. உறுப்பினர்களே இசை எழுதினார்கள், இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பூங்கா, பள்ளி, தேவாலயம் என்று எங்கு மக்கள் கூடினார்களோ அங்கு வாசித்தார்கள். காசு கிடைக்காத நாட்களே அதிகம்.

1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. 34 பேர் உயிரிழந்தார்கள். இந்தக் குழு வாழ்ந்ததும் வாசித்ததும் அதே தெற்குப் பகுதியில்தான். 1969இல், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் இயக்கத்தின் எலைன் பிரவுன் தன் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டபோது, அதற்கு இசைக்கோர்ப்பு செய்து குழுவை நடத்தியவர் டாப்ஸ்காட்.

சரி, இந்த இசை எப்படி இருக்கும்? இதை அவான்-கார்ட், அதாவது மரபை உடைக்கும் சோதனை இசை, என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். இங்கே அந்தப் பயம் வேண்டாம். அடியில் பேஸ் ஒரு சிறு துணுக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுழலும். டாப்ஸ்காட்டுக்கு அடித்தளம் கனமாக இருக்க வேண்டும், அவர் பெயரில் வந்த 1969 ஆல்பத்தில் ஐந்து பேரில் இரண்டு பேர் பேஸ் வாசிப்பவர்கள். அதன் மேல் ஊதுவாத்தியங்கள் ஒரு தேவாலயக் கூட்டம்போல் ஒன்றாக எழும்பும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் பிரிந்து, சுருதிக்கும் தாளத்திற்கும் கட்டுப்படாமல் கதறுவார், பறப்பார். அடியில் சுழற்சி நிற்பதில்லை. எவ்வளவு தூரம் போனாலும் அவர் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது.

[இசைத்தட்டு உறை: 'தி ஜயன்ட் இஸ் அவேக்கன்ட்'.]

இந்த 1969 ஆல்பம் டாப்ஸ்காட்டின் பெயரில் வந்த ஐவர் குழுப் பதிவு. ஒலிக்கலவையின்போது தானும் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார், அது நடக்கவில்லை. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்களை அவர் தேடிப் போகவில்லை. முழு ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் ஆல்பம் வெளிவருவதற்குள் 1978 ஆகிவிட்டது. பதினேழு ஆண்டுகள்! டாம் ஆல்பாக் என்ற ரசிகர் இந்த இசைக்காகவே நிம்பஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியதால்தான் அதுவும் நடந்தது. டாப்ஸ்காட்டின் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. நியூயார்க்கை மட்டும் பார்த்து எழுதப்பட்ட ஜாஸ் வரலாறுகளில் இவர்களுக்குப் பல காலம் ஓர் அடிக்குறிப்புகூடக் கிடைக்கவில்லை.

வெளியே போனவர்கள் பெயர் பெற்றார்கள். ஆர்தர் பிளைத் 1974இல் நியூயார்க் சென்றார். சில ஆண்டுகளில் கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. கார்னெட் வாசித்த புட்ச் மோரிஸ், கைச்சைகைகளாலேயே ஒரு முழுக்குழுவின் கற்பனை வாசிப்பை நடத்தும் 'கண்டக்‌ஷன்' முறையை உலகெங்கும் கொண்டுசென்றார்.

இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1973 முதல் 1981 வரை, ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இம்மானுவேல் யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் தேவாலயத்தில் கச்சேரி நடத்தினார்கள். வாத்தியத்தோடு வந்த பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். லோக்கல் 767இன் வாசலில் சிறுவன் டாப்ஸ்காட்டுக்குக் கிடைத்தது இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது.

டாப்ஸ்காட் 1999 பிப்ரவரியில் காலமானார். குழு கலையவில்லை. சாக்ஸபோன் கலைஞர் மைக்கேல் செஷன் பொறுப்பேற்றார். இப்போது அவருடைய மகன், டிரம்ஸ் வாசிக்கும் மெக்காலா செஷன் நடத்துகிறார். டாப்ஸ்காட்டின் இசைக்குறிப்புகள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

[திரை மெல்ல இருள்கிறது.]

கேட்கத் தொடங்குபவர்கள் 1979இல் அந்தத் தேவாலயத்தில் பதிவான நேரடி ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அதில் 'டெசர்ட் ஃபேரி பிரின்செஸ்' என்றொரு இசை. எழுதியவர் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஜெஸ்ஸி ஷார்ப்ஸ். குழுவில் புல்லாங்குழல் வாசித்த ஆடேல் செபாஸ்டியன் பின்னர் அதையே தன் ஒரே ஆல்பத்தின் தலைப்பாக வைத்தார். சிறுநீரக நோயால் 1983இல் இறந்தபோது அவருக்கு வயது 27. அந்தப் புல்லாங்குழல் பேழைக்குள் பத்திரமாக இருக்கிறது.

[புல்லாங்குழல்.]