ஈர மூட்டை

(கோத்தகிரி பக்கத்து ஊர் ஒன்றில், இளம் தேயிலை விவசாயிகளிடம் பேசியது)

தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம். நேர்மையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது பச்சைத் தேயிலை. அதை வைத்தே சொல்கிறேன்.

எனக்கு அப்போது 19 வயது. ஓடைக்கரையில் மூட்டையை இறக்கி, ஒரு பக்கெட் தண்ணீரை இலைமேல் ஊற்றிக் கட்டினேன். 30 கிலோ, தராசில் 33 காட்டும் என்று கணக்கு. இலை வாங்கும் இடத்தில் எடை போடுகிறவர் முழங்கை வரை உள்ளே கையை விட்டார். ஈர இலையை அமுக்கிக் கட்டினால் சூடேறி வெந்துவிடும் இல்லையா? அள்ளிய கைப்பிடி இலையில் பாதி சிவந்திருந்தது. அவர் திட்டவில்லை. என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் செய்திருப்பார்கள் போல. மறுவாரம் முதல் எல்லார் மூட்டை எடையிலும் இரண்டு கிலோவைக் கழிவு என்று குறைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வெயிலில் பறித்த இலைக்கும் அதே கழிவு. சொட்டு ஈரம் கிடையாது. சீட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார், மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். வரிசையில் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதைவிட அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். வெந்த இலை சேர்ந்தால் தூள் கெடும், குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும். அந்த ஏல விலையைப் பார்த்துத்தானே நமக்கு இலை விலை போடுகிறார்கள்?

சரி, அப்புறம் நானே ஆள் வைத்துப் பறிக்க ஆரம்பித்தேன். தராசு என் கைக்கு வந்தது. பறிக்கும் அக்காமாருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. 18 கிலோ 400 என்றால் 18 என்று எழுதுவது இங்கே பழக்கம். நான் அப்படி எழுதுவதில்லை. முதலில் வெறும் சாக்கைத் தொங்கவிட்டு எடை காட்டுவேன். பிறகு முள்ளை அவர்களே படிப்பார்கள், நான் எழுதுவேன். மழை நாளில் 'இது ஈர இலை' என்று கொள்முதல் செய்பவரிடம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். காய்ந்த இலைக்குக் கழிவு பிடித்தால் விடமாட்டேன், கேட்பேன். இப்போதுதான் அப்படிக் கேட்க எனக்கு வாய் வருகிறது.

பாட்டியிடம் சொல்லத் துணிந்தபோது அவர் இல்லை. மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த ரெண்டு கிலோவ இன்னமும் பிடிக்கிறாங்க அண்ணா" என்றார்.