ஒலிபெருக்கி இல்லாமல் மாதம் ஒரு மாலை

விழாத் தலைவர் அவர்களே, பதிவுத்துறையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் அவர்களே, இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட தாளாளர் ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, இசைக் கல்லூரியின் ஆசிரியப் பெருமக்களே, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்திருக்கும் சபா செயலாளர்களே, பொருளாளர்களே, அனைவருக்கும் வணக்கம். தாளாளர் ஐயா மின்விசிறிகளுக்கெல்லாம் எண்ணெய் போடச் சொல்லியிருக்கிறார். சத்தமில்லாமல் சுழல்கின்றன. அது எவ்வளவு பெரிய உதவி என்று இன்னும் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

ராஜமாணிக்கம் பிள்ளை பிடில் வாசித்த ஊர் இது. இங்கே நின்று சங்கீதம் பேசுவதற்குப் பணிவு வேண்டும். பதிவு, பணம், கலைஞர், பிள்ளைகள் என்று நான்கு விஷயம் பேசலாம் என்றிருக்கிறேன். நான்குக்கும் அடியில் ஒரே பழமொழிதான்: அகல உழுவதைவிட ஆழ உழு.

முதலில் பதிவு. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சபாவைப் பதிவு செய்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆண்டுப் பொதுக்குழு கூடும், புதுச் செயலாளர் தேர்வாவார், மாலை மரியாதை நடக்கும். ஆனால் அந்த மாற்றத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய மறந்துவிடுவார்கள். வங்கி பழைய செயலாளரின் கையெழுத்தைத்தான் கேட்கும். அவரோ பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருப்பார், கணக்கு முடங்கும். ஆகவே பொதுக்குழு முடிந்த அதே வாரத்தில் தீர்மான நகல், புது நிர்வாகிகள் பட்டியல், தணிக்கை செய்த வரவு செலவு மூன்றையும் ஒரே கோப்பில் போட்டுப் பதிவாளரிடம் கொடுத்துவிடுங்கள். நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை வாங்கியிருக்கும் சபாக்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி பணம். நூறு குடும்பம், குடும்பத்துக்கு ஆண்டுச் சந்தா 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம் ஆகிறது. பத்துக் கச்சேரி, ஒன்றுக்கு 15,000. ஆடியிலும் மார்கழியிலும் வேண்டாம். ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி நம் பாட்டை விழுங்கிவிடும், மார்கழியில் கலைஞர்கள் சென்னையில் இருப்பார்கள். அந்த 15,000த்தில் பாட்டுக்கு 4,000, வயலினுக்கு 3,000, மிருதங்கத்துக்கு 3,000, தம்புரா போடுகிறவருக்கு 1,000, பயணத்துக்கு 2,000, காபிக்கும் கூட்டிப் பெருக்கவும் 1,000, கையிருப்பாக 1,000. தம்புராக்காரரை வெறும் காபியோடு வழியனுப்பும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு மணி நேரம் சுருதியைத் தாங்குகிற கை அது.

இந்தப் பட்டியலில் ஒலிபெருக்கி வாடகை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறந்து விடவில்லை, தெரிந்துதான் விட்டேன். நான் இங்கே வந்ததே அதைச் சொல்லத்தான். எழுபது பேர் உட்காரும் இடத்தில் மைக் தேவையே இல்லை. அகல உழுவதைவிட ஆழ உழு. ஐந்நூறு நாற்காலி போட்டு எழுபது பேர் வந்தால் கலைஞருக்கும் மனம் சுருங்கும், சபாவுக்கும் கடன். அதே எழுபது பேர் ஒரு கூடத்தில் ஜமக்காளத்தில் நெருங்கி உட்கார்ந்தால் அதுதான் கச்சேரி. ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். மைக்கே இல்லையென்றால் அந்த அலைச்சலும் இல்லை.

மைக் இல்லையென்றால் யார் எங்கே உட்காருகிறார் என்பது பெரிய விஷயம். இதற்கு ஒரு வரலாறு உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை, பழனி முத்தையா பிள்ளையின் மகன், இடக்கை வாசிப்பு. வலக்கைக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலக்கை முகம், சபையைப் பார்க்கும். வயலின் பாடகருக்கு இடப்பக்கம். இடக்கைக்காரர் வந்தால் எல்லாம் தலைகீழ். அவர் இடப்பக்கம் வர வேண்டும், வயலின் வலப்பக்கம் போக வேண்டும். போனால் வயலினின் முகம் சபையை விட்டுத் திரும்பிவிடும். அதனால் வயலின் வித்வான்கள் தயங்கினார்கள். அந்த மாமேதைக்குக் கச்சேரிகள் தட்டிப் போயின. யோசித்துப் பாருங்கள் ஐயா, கையில் அவ்வளவு வித்தை, தடை எல்லாம் உட்காரும் இடத்தில்! பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்குத் துணை நின்று, தம் கச்சேரிகளில் அழைத்து அழைத்து வாசிக்க வைத்தார். பாலக்காடு மணி ஐயருக்கு இணையாகப் பேசப்படும் இடத்துக்கு அவர் வந்தார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 2011இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். ஒரு பாடகர் மேடையில் கொஞ்சம் இடம் மாற்றிக் கொடுத்ததில் ஒரு வாசிப்பு மரபே தழைத்தது. நம் சபாவுக்கு ஒரு இடக்கைப் பிள்ளை வந்தால் மேடையைச் சற்றுத் திருப்பிப் போடுங்கள், வயலின் இன்னும் முன்னே வரட்டும். சிறு கூடத்தில் அது முடியும்.

கூடம் முப்பதுக்கு இருபது அடி போதும். எட்டுக்குப் பன்னிரண்டு அடி மேடைக்குப் போக, மீதியில் ஆளுக்கு ஏழு சதுர அடி வீதம் எழுபது பேர் தரையில் உட்காரலாம். மேடை அரை அடி உயரம் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஓசை உதறித் திரும்பினால் டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரித்து, பின்சுவரில் கனமான திரை தொங்கவிடுங்கள். மேடைக்கு மேலிருக்கும் விசிறியை நிறுத்துங்கள். எண்ணெய் போட்ட விசிறி எவ்வளவு பெரிய உதவி என்று இப்போது தெரிகிறதல்லவா? பக்கத்து அறைக் குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் இரண்டையும் ஆறு மணிக்கே அணைத்துவிடுங்கள்.

பாடுகிறவரின் கட்டையை, அதாவது சுருதி அளவை, ஒரு வாரம் முன்பே மிருதங்கக்காரரிடம் சொல்லுங்கள். ஒரு கட்டை ஆண்குரலுக்கும் ஐந்து கட்டைப் பெண்குரலுக்கும் ஒரே மிருதங்கம் ஆகாது. கடம் சூளையிலேயே தன் சுருதியோடு வருவது, பிறகு ஏற்றி இறக்கப் பெரிதாக வழியில்லை. தம்புராவுக்குப் புதுத் தந்தி போட்டால் இரண்டு நாள் முன்பே போட வேண்டும். இழுபட்டு நிற்க நேரம் வேண்டும், இல்லையென்றால் முதலில் பாடும் வர்ணம் முடிவதற்குள் இறங்கிவிடும். ஏ.சி. அறையில் தோல் உலர்ந்து மிருதங்கத்தின் சுருதி ஏறும். வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்பே உள்ளே கொண்டு வைத்துவிடுங்கள். வீணைக் கச்சேரிக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம், மிருதங்கம் மெல்லவே பேச வேண்டும். நாகஸ்வரம் திறந்த வெளிக்குப் பிறந்த வாத்தியம். அதைக் கூடத்துக்குள் அடைக்காமல் முற்றத்தில் வையுங்கள்.

"பின்வரிசைக்குக் கேட்காதே" என்பார்கள். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி ஆள் வரை கேட்கப் பாடியவர்கள். நமக்கு அந்தக் குரல்கூட வேண்டாம், முப்பது அடிதானே! குசுகுசுப் பேச்சு நின்றால் போதும், பாட்டு தானே கேட்கும். அகல உழுவதைவிட ஆழ உழு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

பிள்ளைகளைப் பற்றிப் பேச நேரம் இல்லை என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். கடைசி டவுன் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். நம் கச்சேரிகளையும் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடிக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். வாசலில் நூலகர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். வரும் தை முதல் மாதம் ஒரு மாலையாவது மைக் இல்லாமல் நடத்தச் சம்மதிக்கும் சபாக்கள் அதில் பெயர் எழுதுங்கள். பெட்டித் தம்புராவும் ஒலிபெருக்கிதான், ஆகவே மரத் தம்புரா வேண்டும். தம்புரா செய்கிற தஞ்சாவூர் பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்று சபாக்கள் கூடி ஒன்று வாங்கி மாறி மாறி வைத்துக்கொள்ளலாம். யார் யாருடன் சேர்வது என்பதை இன்றைக்கே, இந்த மண்டபத்திலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.