காலிக் கோட்டையில் ஒரு மாலை

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் பலர் காலையில் போய் இறங்குவார்கள். வெளிச்சவீட்டின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். உச்சி வெயில் தாங்காமல் மதியமே திரும்பிவிடுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. கோட்டைக்குப் பிற்பகல் நான்கு மணிக்குப் போங்கள். இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போர்த்துக்கேயர் 1588 இல் இங்கே அரண் எழுப்பினார்கள். 1640 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்து, இன்று நாம் பார்க்கும் பெரும் மதிலாக வளர்த்தார்கள். பழைய வாசலின் வெளிப்பக்கத்தில் பிரித்தானிய அரச சின்னம் இருக்கிறது. உள்ளே நுழைந்து திரும்பி அண்ணாந்து பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், 1669 என்ற ஆண்டு, உச்சியில் ஒரு சேவல். அவசரமாக நடப்பவர்கள் இந்தச் சேவலைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மதிலின் மேல் ஏறியதும் ஓரிடத்தில் நின்று கல்லைத் தொட்டுப் பாருங்கள். கருங்கல்லுக்கு இடையிடையே முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல் இருக்கும். விரலால் தடவினால் அந்தப் பூவரிகள் தட்டுப்படும். கடலிலிருந்து எடுத்து, கடலைத் தடுக்கவே அடுக்கிய கல் அது. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது வெளியே இருந்த பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சிதைந்தன. மதிலுக்குள் இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. அதை அறிந்த பிறகு இந்த மதிலை வெறும் காட்சிப்பொருளாக என்னால் பார்க்க முடிவதில்லை.

தெற்கு முனையில் கொடிப்பாறை. சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரத்தில் உள்ளூர்க் குடும்பங்களும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். சற்றுத் தள்ளி 1939 இல் கட்டிய வெளிச்சவீடு, அதன் எதிரே மீரான் பள்ளிவாசல். முதற்பார்வைக்குத் தேவாலயம் போலவே தோன்றும்; உள்ளிருந்து பாங்கோசை எழும்போதுதான் புதியவர்களுக்கு விளங்கும்.

இந்த ஊரோடு தமிழுக்கு உள்ள உறவு பழையது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டு 1911 இல் காலி நகரில்தான் கிடைத்தது. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கைகளைச் சொல்கிறது. கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது; தமிழோ கோட்டைத் தெருக்களில் இன்றும் இருக்கிறது. இங்குள்ள முஸ்லிம் வீடுகளின் வாசலில் நின்றால் உங்கள் காதிலேயே விழும்.

இனிச் சாப்பாடு. பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை இப்போது உணவகங்களும் கடைகளுமாக மாறியிருக்கிறது. அதன் தூண் விறாந்தையில் கடற்காற்று வாங்கியபடி ஒரு தேநீர் குடிப்பது சுகம்தான். பசியாற வேறிடம் தேடுங்கள். லம்பிரைஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஐரோப்பியர் வழிவந்த இலங்கையரான பறங்கியரின் வீட்டுப் பக்குவம் அது. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, பொரித்த இறைச்சி உருண்டை எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து சூட்டில் வாட்டி எடுப்பார்கள். பொதியைப் பிரித்தவுடன் முதலில் வருவது வாடிய இலையின் வாசனை. அந்த ஆவி அடங்குமுன் கையால் பிசைந்து சாப்பிட வேண்டும்.

என் மனதில் நிற்பது லேன் பான் வீதிப் பக்கம், வீட்டு முன்னறையையே சாப்பாட்டுக் கூடமாக்கியிருந்த ஓர் உம்மாவின் கைப்பக்குவம். இடியப்பமும் மீன் சொதியும் மாசிக் கருவாடு இடித்துப் போட்ட சம்பலும் வைத்தார். தமிழில் பேசியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மகன், எழும்பாதீர்கள், வட்டிலப்பம் இருக்கிறது" என்றார். தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலம். வெட்டிய பக்கத்தில் சிறு துளைகள் தெரிந்தன. அவற்றிலிருந்து கருப்பட்டிப் பாகு மெல்லக் கசிந்தது. நன்றாக அவிந்ததற்கு அந்தத் துளைகள்தாம் அடையாளம் என்று அவரே விளக்கினார்.

நான் அன்று கொடுத்துவைத்தவன். கடைசித் துண்டு எனக்குக் கிடைத்தது. அவித்து ஆறவைக்க நேரம் பிடிக்கும் பண்டம் அது, வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது. ஆகவே நேயர்களே, நான்கு மணிக்குக் கோட்டைக்குள் நுழைந்ததும் நீங்கள் சாப்பிடப்போகும் வீட்டில் முதலில் சொல்லிவையுங்கள். அதன் பிறகு மதிலில் ஏறுங்கள்.

வணக்கம்.